நாய், பூனைகளுக்கு நஞ்சு ஏறினால்: அறிகுறிகளும் சிகிச்சையும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எலி மருந்து தின்ற நாய், உண்ணி மருந்து பூசப்பட்ட பூனை, வயல் ஓரத்தில் பூச்சி மருந்து கலந்த எதையோ நக்கிவிட்டு நுரை தள்ளிக் கிடக்கும் நாட்டு நாய் ஆகியவை தமிழ்நாட்டின் கால்நடை மருத்துவமனைகளுக்கு ஆண்டு முழுவதும் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றை வளர்ப்பவர்கள் கேட்கும் கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், அவற்றுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறோம். மருந்துகளின் அளவுகள் சில இடங்களில் சொல்லப்பட்டிருப்பது, சிகிச்சை ஏன் அப்படி நடக்கிறது என்பது புரிவதற்காகத்தான். அவற்றை வைத்துக்கொண்டு வீட்டில் யாரும் ஊசி போடக் கூடாது.

நாய் விஷத்தைத் தின்றுவிட்டதோ என்று சந்தேகமாக இருக்கிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

மிச்சம் இருப்பதை அதற்கு எட்டாதபடி அப்புறப்படுத்திவிட்டு, மருந்தின் உறை, டப்பா, பாட்டில் எது கிடைத்தாலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உறையில் அச்சிட்டிருக்கும் வேதிப்பொருளின் பெயர்தான் மருத்துவருக்கு முதலில் தேவைப்படுவது. "எலி மருந்து சாப்பிட்டுவிட்டது" என்று மட்டும் சொன்னால், முற்றிலும் வேறுவிதமான சிகிச்சை தேவைப்படும் மூன்று நஞ்சுகளில் எது என்பது தெரியாது. எப்போது தின்றது, ஏறக்குறைய எவ்வளவு தின்றது, பிராணியின் எடை என்ன, ஏற்கெனவே ஏதேனும் மருந்து எடுத்துவருகிறதா என்ற விவரங்களைக் கிளம்பும்போதே நினைவுபடுத்திக்கொண்டு, வழியிலிருந்தே மருத்துவரிடம் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். வாந்தி எடுத்திருந்தால், கையுறை போட்டுக்கொண்டு அதில் கொஞ்சத்தை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி எடுத்துச் செல்லலாம்.

அறிகுறி தெரிந்த பிறகு போகலாம் என்று காத்திருப்பதால் இழக்கும் நேரத்தை எந்த மருந்தாலும் ஈடுகட்ட முடியாது. வயிற்றிலிருந்து நஞ்சை வெளியேற்றுவதற்குக் கிடைக்கும் அவகாசம் பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரந்தான். சில நஞ்சுகளோ, நாய் மூன்று நாள் வழக்கம்போல ஓடி விளையாடிய பிறகுதான் தம்மைக் காட்டிக்கொள்கின்றன.

வீட்டிலேயே வாந்தி எடுக்க வைக்கலாமா?

வேண்டாம். உப்புத் தண்ணீர் கொடுப்பது நம் ஊர்களில் பரவலாக இருக்கும் வழக்கம். ஆனால் வாந்தி வராமல் உள்ளே தங்கிவிடும் உப்பு, இரத்தத்தில் சோடியத்தின் அளவை ஏற்றி, மூளை பாதிக்கப்பட்டு வலிப்பு வரும் நிலைக்குக் கொண்டுபோய்விடும். சோப்புத் தண்ணீர் புரைக்கேறினால் நுரையீரல் கெடும். புளிக்கரைசல் கொடுப்பதில் வேறொரு சிக்கலும் உண்டு. அதைச் சமையலறைப் பொருள்கள் பற்றிய கேள்வியில் பார்க்கலாம். தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பது நாய், பூனைகளிடம் பலிப்பதில்லை, கடிதான் மிஞ்சும்.

ஹைட்ரஜன் பெராக்சைடு கொடுக்கலாம் என்று இணையத்தில் படித்துவிட்டுச் சிலர் கேட்கிறார்கள். வெளிநாடுகளில் மருத்துவர் தொலைபேசியில் வழிகாட்ட, நாய்களுக்கு மட்டும், 3 சதவீதக் கரைசலை அளந்து கொடுப்பதுண்டு. நம் மருந்துக் கடைகளில் பொதுவாகக் கிடைப்பது ஏறக்குறைய 6 சதவீதக் கரைசல். அதை அப்படியே ஊற்றினால் உணவுக்குழலும் இரைப்பையும் புண்ணாகும். பூனைக்கு எந்த அடர்த்தியிலும் கொடுக்கக் கூடாது.

மண்ணெண்ணெய், பெட்ரோல், ஆசிட், கழிப்பறை கழுவும் திரவம் ஆகியவை உள்ளே போயிருந்தால் மருத்துவமனையிலும் வாந்தி எடுக்க வைக்க மாட்டார்கள். அரிக்கும் பொருள் இறங்கும்போது ஒருமுறை சுட்ட உணவுக்குழலை, ஏறும்போது இன்னொரு முறை சுடும். எண்ணெய் வகைகளோ மூச்சுக்குழலுக்குள் நுழைந்து நிமோனியாவை உண்டாக்கும். மயக்கத்திலோ வலிப்பிலோ இருக்கும் பிராணிக்கும், பக் போன்ற மூக்குச் சப்பையான நாய்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

பால், முட்டை வெள்ளைக்கரு, இளநீர் கொடுத்தால் விஷம் முறியுமா?

முறியாது. எல்லா நஞ்சையும் முறிக்கும் பொது மருந்து என்று ஒன்று சமையலறையிலும் இல்லை, மருத்துவமனையிலும் இல்லை. கொழுப்பில் கரையும் பூச்சிக்கொல்லிகளைப் பாலில் உள்ள கொழுப்பு உடலுக்குள் விரைவாக ஏற்றிவிடக்கூடும். சிங்க் பாஸ்பைடு தின்ற நாய்க்கு எதைச் சாப்பிடக் கொடுத்தாலும் இரைப்பையில் அமிலம் சுரந்து நிலைமை மோசமாகும். அடுப்புக் கரியைப் பொடித்துக் கொடுப்பவர்களும் உண்டு. மருத்துவத்தில் பயன்படும் ஆக்டிவேட்டட் சார்கோல், எண்ணற்ற நுண்துளைகள் உண்டாகும்படி தனியாகப் பதப்படுத்தப்பட்ட கரி. அடுப்புக் கரிக்கு அந்தப் பிடிமானம் கிடையாது.

மருத்துவமனையில் எந்த வரிசையில் சிகிச்சை நடக்கும்?

எந்த நஞ்சு என்று கண்டுபிடிப்பதற்கு முன்பே மூச்சு, நாடி, உடல் வெப்பம், வலிப்பு ஆகிய நான்கையும் கட்டுக்குள் கொண்டுவருவார்கள். நரம்பில் ஊசிக்குழாய் பொருத்தி, வலிப்பு இருந்தால் டயஸிபாம் அல்லது மிடசோலம் செலுத்தி, ஆக்சிஜன் கொடுத்து, இரத்தத்தில் சர்க்கரையின் அளவைப் பார்ப்பார்கள். பிறகுதான் நஞ்சை வெளியேற்றும் வேலை தொடங்கும். நாய்க்கு அபோமார்பின், பூனைக்குச் சைலசின் போன்ற ஊசிகளால் வாந்தி எடுக்க வைப்பது ஒரு வழி. அது பொருந்தாதபோது, மயக்க மருந்து கொடுத்து, மூச்சுக்குழலில் காற்றுப் பலூன் உள்ள குழாயைச் செருகி அடைத்த பின், இரைப்பையைக் கழுவுவார்கள். அந்த அடைப்பு இல்லாமல் இரைப்பையைக் கழுவினால், தண்ணீர் நுரையீரலுக்குள் போய் நஞ்சைவிட வேகமாக உயிரைப் பறிக்கும் என்பதால், மயக்க மருந்துக்கான செலவைக் கேட்டு யாரும் தயங்க வேண்டாம்.

அதன்பின் ஆக்டிவேட்டட் சார்கோல், உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 2 கிராம் வரை கொடுக்கப்படும். இரும்பு, ஈயம் போன்ற உலோகங்களையும், சைலிட்டால், சாராயம், அமிலம் ஆகியவற்றையும் அது சரியாகப் பற்றாது; ஆகவே கரி கொடுக்கவில்லை என்பதற்காக மருத்துவர் அசட்டையாக இருந்துவிட்டார் என்று எண்ணிவிடக் கூடாது.

முறிமருந்து என்பது சில நஞ்சுகளுக்கு மட்டுமே இருக்கிறது. மற்ற எல்லாவற்றுக்கும், உடல் தானாகவே நஞ்சைக் கழித்து வெளியேற்றும்வரை குளுக்கோஸ், சலைன், வாந்தி தடுப்பு மருந்து, வெப்பக் கட்டுப்பாடு ஆகியவற்றால் பிராணியைத் தாங்கிப் பிடிப்பதே சிகிச்சை. வெறும் டிரிப்தானே போடுகிறார்கள் என்று பலர் குறைபட்டுக்கொள்கிறார்கள். சிறுநீரகத்தைக் காப்பாற்றுவது பல நேரங்களில் அந்த டிரிப்தான்.

எலி மருந்துகள் எல்லாம் ஒரே மாதிரிதானா?

இல்லை. நம் கடைகளில் மூன்று வகைகள் புழங்கிவந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் வெவ்வேறு உறுப்பைத் தாக்குகிறது, வெவ்வேறு நாளில் கொல்கிறது.

முதலாவது, எலி கேக் என்று அழைக்கப்படும் கட்டிகளில் இருக்கும் புரோமடையோலோன் போன்ற இரத்த உறைவுத் தடுப்பான்கள். ஈரலில் இரத்தம் உறைவதற்கான காரணிகள் உருவாக வைட்டமின் கே1 வேண்டும். உடல் அந்த வைட்டமினை மீண்டும் மீண்டும் புதுப்பித்துப் பயன்படுத்தும் வழியை இந்த மருந்து அடைத்துவிடுகிறது. ஏற்கெனவே இரத்தத்தில் இருக்கும் காரணிகள் தீரும்வரை ஒன்றும் தெரியாது. மூன்று முதல் ஐந்து நாட்களில் நாய் சோர்ந்து படுக்கும், ஈறு வெளுக்கும், மூச்சிரைக்கும், மூக்கிலோ மலத்திலோ இரத்தம் வரும். சில நாய்களுக்கு வெளியே ஒரு துளிகூட வராமல் நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே இரத்தம் தேங்கிவிடும். முறிமருந்து இருக்கும் அதிர்ஷ்டசாலி நஞ்சு இதுதான்.

இரண்டாவது, சாம்பல் கலந்த கறுப்புப் பொடியாக விற்கப்படும் சிங்க் பாஸ்பைடு. இது இரைப்பை அமிலத்தோடு சேர்ந்து பாஸ்பின் என்ற வாயுவாக மாறுகிறது. பெரும்பாலும் பதினைந்து நிமிடம் முதல் நான்கு மணி நேரத்துக்குள் வாந்தி, வயிற்றுவலி, மூச்சுத்திணறல், வலிப்பு ஆகியவை தோன்றும். பூண்டு வாடையோ அழுகிய மீன் வாடையோ அடிக்கும் வாந்தி இதன் அடையாளம். அந்த வாயு பக்கத்தில் இருக்கும் மனிதர்களுக்கும் நஞ்சு என்பதால், இப்படிப்பட்ட நாயைக் காரில் கொண்டுவரும்போது ஏசியை அணைத்து எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிவிட வேண்டும். வாந்தியை முகர்ந்து பார்க்கக் கூடாது. மருத்துவர்களும் அமிலத்தைக் குறைக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு, காற்றோட்டமான வெளியிடத்தில்தான் வாந்தி எடுக்க வைப்பார்கள். இதற்கு முறிமருந்து கிடையாது.

மூன்றாவது, பற்பசைபோல் குழாயில் வரும் மஞ்சள் பாஸ்பரஸ் பசை. மனிதர்கள் இதைத் தின்று உயிர்விடும் நிகழ்வுகள் தொடர்ந்ததால் தமிழ்நாடு அரசு இதன் விற்பனைக்குத் தடை விதித்தது. ஆனாலும் பழைய குழாய்கள் பரணிலும் கொட்டகையிலும் கிடக்கின்றன. இதன் வஞ்சகம் நடுவில் வரும் அமைதியில் இருக்கிறது. முதல் நாள் வாந்தி எடுத்த நாய், அடுத்த நாள் தேறிவிட்டதுபோல் எழுந்து நடக்கும். பிறகு ஈரல் செயலிழந்து, கண்ணும் ஈறும் மஞ்சளாகிப் படுத்துவிடும். தேறிவிட்டது என்று நம்பி, மறுநாள் வரச்சொன்ன இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான் இங்கே செய்யப்படும் பெரிய பிழை.

எலி கேக் தின்ற நாய்க்கு வைட்டமின் கே எத்தனை நாள் கொடுக்க வேண்டும்?

தின்ற சில மணி நேரத்துக்குள் வந்தால், வாந்தி எடுக்க வைத்துக் கரி கொடுத்த பிறகு, 48 முதல் 72 மணி நேரம் கழித்து இரத்தம் உறையும் நேரத்தைக் கணக்கிடும் புரோத்ராம்பின் பரிசோதனை செய்து, அது நீண்டிருந்தால் மட்டும் மருந்தைத் தொடங்கும் வழி உண்டு. ஏற்கெனவே அறிகுறிகளோடு வந்தால், இரத்தமோ பிளாஸ்மாவோ ஏற்ற வேண்டியிருக்கலாம்; ஏனென்றால் வைட்டமின் கே1 கொடுத்தாலும் ஈரல் புதிய காரணிகளை உண்டாக்கச் சில மணி நேரம் பிடிக்கும்.

புரோமடையோலோன் போன்ற இரண்டாம் தலைமுறை மருந்துகள் ஈரலில் வாரக்கணக்கில் தங்குவதால், வைட்டமின் கே1 பொதுவாக மூன்று முதல் நான்கு வாரங்கள்வரை, கொழுப்புள்ள உணவோடு சேர்த்துக் கொடுக்கப்படும். கடைசி மாத்திரைக்கு 48 மணி நேரத்துக்குப் பின் மீண்டும் ஒரு பரிசோதனை செய்து, உறையும் நேரம் சரியாக இருந்தால்தான் நிறுத்துவார்கள். இரண்டாவது வாரத்தில் நாய் நன்றாக இருக்கிறதே என்று மாத்திரையை விட்டுவிட்டால், அதே இரத்தக்கசிவு திரும்பி வரும். மருந்துக் கடையில் "வைட்டமின் கே" என்று மட்டும் கேட்டால் கே3 மாத்திரை கொடுத்துவிடக்கூடும். அது இந்த நஞ்சுக்கு வேலை செய்யாது. கே1, அதாவது பைட்டோமெனடையோன் என்று எழுதியிருக்கிறதா என்பதைப் பார்த்து வாங்குங்கள்.

பூச்சி மருந்து சாப்பிட்ட நாய் நுரை தள்ளி நடுங்குவது ஏன்? அட்ரோபின் ஊசியை ஏன் இத்தனை முறை போடுகிறார்கள்?

குளோர்பைரிபாஸ், மோனோகுரோட்டோபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட்டுகளும், குருணை மருந்தாகத் தூவப்படும் கார்போபியூரான் போன்ற கார்பமேட்டுகளும், நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் என்ற செய்திப்பொருளைச் சிதைக்கும் நொதியை முடக்குகின்றன. செய்தி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. அதனால் எச்சில் வடியும், கண்ணீர் வழியும், சிறுநீரும் மலமும் தாமாகப் போகும், கண்ணின் பாவை ஊசிமுனை அளவுக்குச் சுருங்கும், நாடி தளரும், தசைகள் துடிக்கும். உயிரைப் பறிப்பது மூச்சுக்குழல்களில் நிரம்பும் சளிநீர். நாய் தரையில் கிடந்தபடியே தன் நீரில் மூழ்குகிறது.

அட்ரோபின் அந்தச் சுரப்பை நிறுத்துகிறது. தொடக்க அளவு கிலோவுக்கு 0.1 முதல் 0.2 மி.கி. வரை; அதில் கால் பங்கை நரம்பிலும் மீதியைத் தசையிலோ தோலுக்கடியிலோ செலுத்துவது வழக்கம். நம் கடைகளில் கிடைக்கும் ஆம்பூல் என்ற சிறு கண்ணாடிக் குப்பி ஒன்றில் இருப்பது 0.6 மி.கி. மட்டுமே. 20 கிலோ எடையுள்ள ஒரு நாட்டு நாய்க்குக் கிலோவுக்கு 0.2 மி.கி. வீதம் 4 மி.கி. தேவைப்பட்டால், ஏறக்குறைய ஏழு ஆம்பூல்களை ஒன்றன்பின் ஒன்றாக உடைத்து உறிஞ்ச வேண்டும். மேசைமேல் கண்ணாடி மூக்குகள் குவிவதைப் பார்த்து உடன் வந்தவர்கள் மிரண்டுபோவதுண்டு. அதற்குக் குறைவாகப் போட்டால் பயனில்லை. அதற்குப் பிறகும் மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்து, நுரையீரலில் கொரகொரவென்ற ஈரச் சத்தம் அடங்கிவிட்டதா, நாடி ஏறியிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து மறு ஊசி போடுவார். கண் பாவை விரிந்துவிட்டதா என்பதை வைத்து அளவை முடிவு செய்வதில்லை.

தசைத் துடிப்பும் தளர்ச்சியும் அட்ரோபினுக்கு அடங்காது. ஆர்கனோபாஸ்பேட் நஞ்சுக்குப் பிராலிடாக்சைம் என்ற மருந்து, முடங்கிய நொதியை விடுவிக்கும். நேரம் செல்லச் செல்ல நஞ்சு நொதியோடு பிரிக்க முடியாதபடி இறுகிவிடுவதால், அதை முதல் நாளிலேயே தொடங்கினால்தான் முழுப்பயன் கிடைக்கும். மருந்து உடல்மேல் தெளிபட்டிருந்தால், கையுறை அணிந்து சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுவதும் சிகிச்சையின் பகுதியே. தேறிய பிறகு ஒன்றிரண்டு நாளில் கழுத்தையும் கால்களையும் தூக்க முடியாமல் போகும் தளர்ச்சி சில நாய்களுக்கு வருவதால், முதல் நாள் மாலையே வீட்டுக்கு அழைத்துப்போக அவசரப்படக் கூடாது.

நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைக்கும் போடலாமா?

கூடாது. நாய்களின் கழுத்தில் ஊற்றப்படும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் அடர்த்தியான பெர்மெத்ரின் இருக்கிறது. அதைச் சிதைத்து வெளியேற்றத் தேவைப்படும் குளுகுரோனைடு வழி என்ற வேதிமாற்றம் பூனையின் ஈரலில் மிகப் பலவீனமானது. சில மணி நேரத்தில் காது துடிக்கத் தொடங்கி, உடல் முழுவதும் நடுக்கம் பரவி, வலிப்பாக மாறி, அந்த நடுக்கத்தாலேயே உடல் வெப்பம் ஏறிவிடும். மருந்து ஊற்றிய நாயோடு ஒட்டிப் படுக்கும் பூனைக்கும், அதை நக்கிவிடும் பூனைக்கும் இதே நிலை வரலாம்.

நடுக்கம் இன்னும் தொடங்காத பூனையைப் பாத்திரம் கழுவும் திரவ சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டு கழுவிவிட்டு அழைத்து வாருங்கள். சுடுநீர், தோலில் இரத்த ஓட்டத்தைக் கூட்டி மருந்தை உள்ளே இழுக்கும். குளிர்ந்த நீர் உடலை விறைக்க வைக்கும். மருத்துவமனையில் மெத்தோகார்பமால் என்ற தசைத் தளர்த்தி முதன்மையான மருந்து. நரம்பு வழியே செலுத்தப்படும் 20 சதவீதக் கொழுப்புக் குழம்பும் உதவுகிறது. இரண்டு மூன்று நாள் தாக்குப்பிடித்தால் பெரும்பாலான பூனைகள் பிழைத்துக்கொள்கின்றன.

மாட்டுக்கு வாங்கிய சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் திரவங்களைக் கண்ணளவில் தண்ணீரில் கலந்து நாய், பூனைகளைக் குளிப்பாட்டும் வழக்கம் கிராமங்களில் மட்டுமல்ல, நகரங்களிலும் இருக்கிறது. அமிட்ராஸ் என்ற மற்றோர் உண்ணி மருந்தை அடர்த்தியாகக் கலந்துவிட்டால் எதிர்மாறான படம் தெரியும்: நாய் அசையாமல் உறங்கி வழியும், நாடி குறையும், உடல் சில்லிடும், இரத்தச் சர்க்கரை ஏறும். இதற்கு யோஹிம்பின் அல்லது அட்டிபமெசோல் முறிமருந்து. நாடி குறைந்திருக்கிறதே என்று அட்ரோபின் போட்டால் குடல் இயக்கம் நின்று நிலைமை சிக்கலாகும். உண்ணி மருந்தின் பெயரைச் சொல்வது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது.

பூனைக்குக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்துவிட்டோம். ஆபத்தா?

ஆபத்துதான், உடனே கிளம்புங்கள். கிலோவுக்கு 10 மி.கி. அளவிலேயே பூனைகளுக்கு நச்சுத்தன்மை தென்பட்டிருக்கிறது. 4 கிலோ பூனைக்குக் கொடுக்கப்படும் ஒரு 500 மி.கி. மாத்திரை கிலோவுக்கு 125 மி.கி. ஆகிறது. சிவப்பணுக்களில் இருக்கும் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைச் சுமக்க முடியாத மெத்ஹீமோகுளோபினாக மாறிவிடுவதால், ஈறும் நாக்கும் சாக்லேட் நிறத்துக்குப் போகும். முகமும் பாதங்களும் வீங்கும், மூச்சிரைக்கும். அசிட்டைல்சிஸ்டைன் முறிமருந்து, முதல் தவணையாகக் கிலோவுக்கு 140 மி.கி. கொடுத்து, பிறகு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை 70 மி.கி. வீதம் ஏழு தவணைகளாவது தொடர்வார்கள். மனிதர்களுக்கும் இதே மருந்து பயன்படுவதால் பெரிய மருந்துக் கடைகளில் கிடைக்கும்.

நாய்கள் பாராசிட்டமாலை இதைவிடக் கூடுதலாகத் தாங்கினாலும், கிலோவுக்கு 100 மி.கி. தாண்டினால் ஈரல் கெடும். இபுபுரூபன், டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகள் இரண்டு பிராணிகளுக்குமே இரைப்பைப் புண்ணையும் சிறுநீரகப் பாதிப்பையும் உண்டாக்கும். பூனை இன்னும் சீக்கிரம் பாதிக்கப்படும்.

சமையலறையில் எவை எவை நஞ்சு?

சாக்லேட்டைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அதில் உள்ள தியோபுரோமின் நாயின் இதயத்தையும் நரம்புகளையும் தூண்டுகிறது. கிலோவுக்கு 20 மி.கி. அளவில் வாந்தியும் பரபரப்பும், 40 முதல் 50 மி.கி. அளவில் இதயத் துடிப்புக் கோளாறும், 60 மி.கி. அளவில் வலிப்பும் வரலாம். கறுப்புச் சாக்லேட்டில் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 5 மி.கி. தியோபுரோமின் இருக்கும், பால் சாக்லேட்டில் அதில் பாதிக்கும் குறைவு. பிறந்தநாள் கேக்கில் ஒரு துண்டு தின்ற லாப்ரடாருக்காக இரவெல்லாம் விழித்திருக்கத் தேவையில்லை. 50 கிராம் கறுப்புச் சாக்லேட் தின்ற 5 கிலோ பொமரேனியனுக்கு உடனே சிகிச்சை வேண்டும்.

வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. பூனைக்குக் கிலோவுக்கு 5 கிராம் வெங்காயமே போதும். வேகவைத்தாலும் நஞ்சு போகாது என்பதால், சின்ன வெங்காயச் சாம்பார் பிசைந்த சோறு நாள்தோறும் வைக்கும் வீடுகளில் பிராணிக்குச் சோகை மெல்ல மெல்லத்தான் தெரியவரும். சர்க்கரை இல்லாத சூயிங்கம்மில் இருக்கும் சைலிட்டால், நாயின் உடலில் இன்சுலினை மிகையாகச் சுரக்க வைத்து, அரை மணி நேரத்திலேயே இரத்தச் சர்க்கரையை இறக்கிவிடும்.

திராட்சையும் உலர் திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது பல ஆண்டுகளாகத் தெரிந்திருந்தும், காரணம் மட்டும் பிடிபடாமல் இருந்தது. அண்மைக் காலத்தில் அமெரிக்கக் கால்நடை நச்சியல் மருத்துவர்கள் டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கக்கூடும் என்று முன்வைத்திருக்கிறார்கள். அந்த அமிலத்தின் உப்பான கிரீம் ஆஃப் டார்டார் என்ற சமையல் பொடியையும், புளியையும் தின்ற நாய்களுக்கு இதேபோன்ற சிறுநீரகப் பாதிப்பு வந்ததைக் கண்டதுதான் அந்த முடிவுக்கு வழி திறந்தது. புளி இல்லாமல் ஒரு நாளும் நகராத நம் அடுக்களைகளுக்கு இது மிக நெருக்கமான செய்தி. ரசம் ஊற்றிய இரண்டு வாய்ச் சோற்றுக்குப் பதற வேண்டியதில்லை என்றாலும், கொட்டை நீக்கிய புளி உருண்டையை நாய் தூக்கிக்கொண்டு போனால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நஞ்சை வெளியேற்றப் புளிக்கரைசல் கொடுக்கும் வழக்கத்தையும் இதோடு கைவிட்டுவிடலாம்.

தோட்டத்துச் செடிகளில் எவற்றுக்கு அஞ்ச வேண்டும்?

அரளி வகைகள் அனைத்துக்கும். செவ்வரளி, மஞ்சள் அரளி இரண்டிலும் இதயத்தைத் தாக்கும் கிளைக்கோசைடுகள் உள்ளன; நாடி தாறுமாறாகி, திடீரென்று நின்றுவிடலாம். கண்வலிக்கிழங்கு என்ற செங்காந்தள் நம் மாநில மலர். விதைக்காக மூலனூர், தாராபுரம், வேதாரண்யம் பக்கங்களில் பயிராகிறது. அதன் கிழங்கிலும் விதையிலும் உள்ள கோல்ச்சிசின் முதலில் கடும் வாந்தி, பேதியையும், சில நாளில் எலும்பு மஜ்ஜையின் தளர்ச்சியையும் உண்டாக்கும். பூங்கொத்துகளில் வரும் லில்லி மலர்கள் பூனைக்கு மட்டும் கொடிய நஞ்சு. உடலில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கும். பூனை இருக்கும் வீட்டில் லில்லியே வேண்டாம்.

தேரையைக் கவ்விவிட்டது, பாம்பு கடித்திருக்குமோ என்றும் சந்தேகம். இவற்றுக்கு என்ன செய்வது?

தேரையைக் கவ்விய நாயின் வாயை, தலையைத் தாழ்த்திப் பிடித்து, ஈரத்துணியால் மீண்டும் மீண்டும் துடைத்துவிட்டால் பெரும்பாலும் எச்சில் வடிவதோடு முடிந்துவிடும். பாம்புக் கடியை அப்படிக் கையாள முடியாது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்துத் தயாரிக்கப்படும் அதே மனித நச்சுமுறி மருந்துதான் நாய்களுக்கும் செலுத்தப்படுகிறது. அதற்கான நஞ்சைச் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வழங்கிவருகிறது. நாய் சிறியது என்பதற்காக மருந்தின் அளவைக் குறைப்பதில்லை. பாம்பு செலுத்திய நஞ்சு அதே அளவுதானே. கட்டுப்போடுவதும் கீறுவதும் கூடாது, நாயை நடக்கவும் விடாதீர்கள்.

விஷமா, வேறு நோயா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பல நேரங்களில் பார்த்தவுடன் தெரியாது. குட்டிகளின் வாந்தி, இரத்தப்பேதி பார்வோ என்ற வைரஸ் நோயாகவும், தசைத் துடிப்பும் வலிப்பும் டிஸ்டெம்பர் என்ற இன்னொரு வைரஸ் நோயாகவும், கோடையில் நுரை தள்ளி மயங்குவது வெப்பத் தாக்குதலாகவும் இருக்கலாம். எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது வெறிநோய். தடுப்பூசி போடாத நாய் எச்சில் வடித்து, குரல் மாறி, தாடை தொங்கிக் கிடந்தால், எலும்பு சிக்கியிருக்கிறதா என்று வாய்க்குள் கையை விட்டுப் பார்ப்பது உங்கள் உயிரோடு விளையாடுவதாகும். யாரேனும் ஏற்கெனவே அப்படிச் செய்திருந்தால், கையைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

யாரோ வேண்டுமென்றே விஷம் வைத்துவிட்டார்கள். என்ன செய்யலாம்?

விலங்குகளை நஞ்சு வைத்துக் கொல்வதும் ஊனப்படுத்துவதும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டுகள்வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். தெருநாய்க்கும் இது பொருந்தும். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவையும் புகாரில் சேர்ப்பார்கள். அதில் முதல் குற்றத்துக்கான அபராதம் இன்றும் 10 முதல் 50 ரூபாய்தான் என்பதால், காவல் நிலையத்தில் 325ஆம் பிரிவைக் கேட்டுப் பதியச் சொல்வது அவசியம்.

வழக்கு நிற்பதும் விழுவதும் உடற்கூறாய்வைப் பொறுத்தது. உடலைப் புதைத்துவிடாதீர்கள், பிளாஸ்டிக் உறையில் சுற்றி, பனிக்கட்டி வைத்துக் குளிர்ச்சியாக, ஆனால் உறைந்துபோகாமல், அருகிலுள்ள அரசுக் கால்நடை மருத்துவமனைக்கு விரைவாகக் கொண்டுசெல்லுங்கள். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகளும் உள்ளன. இரைப்பையில் இருப்பது, ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றின் பகுதிகளை மருத்துவர் அடர்த்தியான உப்புக் கரைசலில் இட்டு முத்திரை வைத்துக் காவல்துறை மூலம் தடய அறிவியல் கூடத்துக்கு அனுப்புவார். பார்மலினில் இட்டால் நஞ்சை ஆய்ந்தறிய முடியாமல் போகலாம். தெருவில் கிடந்த இறைச்சித் துண்டு, பிரியாணிப் பொட்டலம் போன்ற இரை மிச்சங்களைப் புகைப்படம் எடுத்து, கையுறையுடன் தனித்தனி உறைகளில் போட்டு ஒப்படையுங்கள். அந்தத் தெருவில் இன்னும் சில துண்டுகள் கிடக்கக்கூடும். மற்ற நாய்களோ பூனைகளோ குழந்தைகளோ தொடுவதற்கு முன் முழுத் தெருவையும் ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள்.